எட்டுக் குதிரை எஞ்சின்

முல்லைத்தீவில் படகு விற்கும் சரீபுக்கு ஆத்திரம் பொங்கியது. படகு வாங்க வந்த, ஆயுள் முழுக்கக் கடலோடிய செபமாலை கதிரையில் சாய்ந்திருக்க, அவர் மனைவி திரேசம்மா அலுமினியப் படகை வெயிலில் தனியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

சரீப் கைகொடுக்க ஓடினார்.

"தொடாதேங்கோ!" என்று அதட்டினார் செபமாலை. "இது பாரம். இன்னும் சின்னனாக் காட்டுங்கோ."

அடுத்த படகு மணலில் மெல்ல நகர்ந்தது.

"சரி, இனி எஞ்சின். திரேசா, கயித்தை இழு."

பதினைந்து குதிரைவலு எஞ்சினோடு மல்லுக்கட்டி அவள் உள்ளங்கை சிவந்துபோனது. எட்டுக் குதிரை எஞ்சின்தான் ஒருவழியாக உறுமியது.

"இது காணும், போதும்," என்றார் செபமாலை.

சரீபுக்குப் பொறுக்கவில்லை. "இதை இழுக்கிறது உங்களுக்கு விளையாட்டெல்லோ அண்ணை? அவாவை ஏன் வதைக்கிறியள்?"

செபமாலை கழுத்துத் துவாயை விலக்கினார். முட்டையளவு கட்டி.

"டொக்டர்மார் கைவிரிச்சிட்டினம் தம்பி. வாற சோளகக் காத்துக்கு நான் இருக்கமாட்டன். எங்கட பெட்டைப் பிள்ளையள் ரெண்டும் சின்னன். இவள்தான் கடலுக்குப் போகவேணும்."

திரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படகில் கைவைத்தாள். மணலில் புதைந்தன அவள் கால்கள்.

இந்தமுறை சரீப் உதவிக்கு ஓடவில்லை.