தவிட்டைத் துப்பிய விரால்கள்

கோழித்தலை, கால், குடல், இறகு என்று இறைச்சிக்கடை கழித்துப் போட்ட எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்து, உலர்த்தி அரைத்த தூள் அது. நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு புரதம் என்று மூட்டையிலேயே அச்சடித்திருந்தது. பொன்னுலிங்கம் அதைத் தன் குளத்து விரால்களுக்குப் போட ஆரம்பித்த ஆறே மாதத்தில் ஒவ்வொன்றும் அவர் தொடை மொத்தத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்த நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கே குடிபோயின. பிறகு அரவை ஆலையில் இயந்திரம் பழுதாகி, பத்து நாளாகத் தூள் வரவில்லை. தவிட்டைப் பிசைந்து போட்டார். விரால்கள் வாயில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சட்டையிலேயே துப்பின.

பதினோராம் நாள் காலையில் குளத்துத் தண்ணீர் ஓடைக்கு வடியும் மடைக்குழாயின் கம்பிவலை கடித்துக் குதறப்பட்டிருந்தது. விரால்கள் கூட்டம் கூட்டமாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தன. உடனே உள்ளே இறங்கிக் குழாயை அடைக்காவிட்டால் குளம் காலி.

“இறங்காதீங்க. நேத்து ஒரு கொக்கு இறங்குச்சு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல” என்றாள் மனைவி சொர்ணத்தாய்.

“போடி. நான் வளத்த புள்ளைங்க. அதுகளுக்கு என்னைத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும். பத்து நாளா வெறுங்கையோட வாற ஆளுன்னு தெரியும்.”

பொன்னுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஓடையில் தப்பிப் போய்க்கொண்டிருந்த விரால்கள் அப்படியே நின்றன. பிறகு தண்ணீரின் வேகத்தை எதிர்த்து, குழாய் வழியாக, ஒவ்வொன்றாகக் குளத்துக்குள் திரும்பி வரத் தொடங்கின.

“பாத்தியாடி பாசத்த!” என்று அவர் பூரித்துப்போய்க் கத்தினார்.

சொர்ணத்தாய் கயிறு எடுக்க ஓடினாள்.