டுஷெக் சார்தான் தள்ளணும்

வியாழக்கிழமை என்றால் எங்கள் டிராம் தாமதமாகும். காரணம், ரோமானா.

வியன்னாவில் எங்கள் தடத்தில் ஓடுவது தாழ்தள டிராம். படியே கிடையாது. ஒரு சாண் உயரம்தான், காலைத் தூக்கி வைத்தால் உள்ளே. சக்கர நாற்காலி வந்தால் மட்டும் ஓட்டுநர் இறங்கி வந்து, வாசலில் மடித்து வைத்திருக்கும் சரிவுப் பலகையைக் கொக்கியால் தூக்கி விரிக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருந்தபடி ரோமானா நிறுத்தத்தில் கை காட்டுவாள். ஓட்டுநர் இறங்குவார். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்போம். முணுமுணுப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் எங்கள் வயிற்றெரிச்சல் தாமதத்தால் மட்டும் அல்ல. அவள் நாற்காலியைத் தள்ளி வருகிறவரைப் பார்த்துத்தான். டுஷெக் என்று பெயர், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், எண்பதைத் தாண்டியவர். இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பலகையில் அடி அடியாக ஏறுவார். ரோமானாவுக்கு முப்பதுகூட இருக்காது. தோள் இரண்டும் மல்யுத்தக்காரி மாதிரி திரண்டிருக்கும்.

போன வாரம் ஹெர்மினே அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருக்கும் தீர்ப்பு சொல்வது அந்த அம்மாளுக்கு வழக்கம். டுஷெக் ஏறி நின்று, தன் காகிதப் பையிலிருந்து ஒரு ஜாம் பன்னை எடுத்து ரோமானாவிடம் கொடுத்தார். அவளும் கூச்சமில்லாமல் வாங்கிக் கடித்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

"ஏம்மா, உன் வயசென்ன, அவர் வயசென்ன? தள்ளவும் அவரு, தின்னக் குடுக்கவும் அவரா? உனக்கு மனசு உறுத்தலையா?"

"உறுத்தலையே," என்றாள் ரோமானா, வாயில் பன்னோடு.

டுஷெக் குறுக்கே புகுந்தார். "அவளைத் திட்டாதீங்கம்மா. நான் இல்லேன்னா அவளால இந்த வண்டியில ஏறவே முடியாது. நான் சீட்டாடப் போற காபிக்கடைக்குப் பக்கத்துலதான் அவ நீந்தப் போறா. சாயங்காலமும் நான்தான் தள்ளிக்கிட்டு வரணும். என் கூட்டாளிங்க எல்லாரும் கைத்தடிக்குப் போயிட்டாங்க. நான் பாருங்க, ஒரு ஆளையே தள்ளிக்கிட்டுப் போறேன்."

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது. ஹெர்மினே அம்மாளுக்கு அவர்மேல் இரக்கம் கூடியது. அவள்மேல் கோபம் அதைவிடக் கூடியது.

அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. ஓட்டுநர் மறுபடி பலகையை விரித்தார். ஹெர்மினே அம்மாள் எதிரில் இருந்த வாட்டசாட்டமான இளைஞனைத் தட்டி எழுப்பினார். "தம்பி, நாற்காலியை நீ பிடி. பெரியவர் சும்மா நடந்து வரட்டும்."

அவன் கைப்பிடிக்குக் கையை நீட்டினான். டுஷெக்கும் மரியாதைக்கு ஒதுங்கப் பார்த்தார். ரோமானா சட்டென்று திரும்பி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"கையை எடுங்க. டுஷெக் சார்தான் தள்ளணும். வேற யார் தொட்டாலும் எனக்குப் பிடிக்காது."

பின்னாலிருந்து யாரோ "என்ன திமிரு" என்றார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள். டுஷெக் மட்டும், பார்த்தீர்களா என்பதுபோல் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார்.

ஹெர்மினே அம்மாள் விடுகிற ஆளா? நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று அவரும் இறங்கினார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் பின்னாலேயே இறங்கினேன்.

காபிக்கடை வாசலில் பணியாள் வந்து டுஷெக்கின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஹெர்மினே அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு ரோமானாவை நெருங்கினார்.

அவள் கவனிக்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் உருவினாள். பையில் போட்டுக்கொண்டாள். எதிர்த்திசையில் எங்கள் தடத்து டிராம் ஒன்று வந்து நின்றது. ஓட்டுநருக்குக் கை காட்டவில்லை. பலகை கேட்கவில்லை. முன் சக்கரத்தை லேசாகத் தூக்கினாள், ஒரே உந்து, அணில் மாதிரி உள்ளே தாவிவிட்டாள். நீச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

டுஷெக் அந்த நாற்காலியை ஒருநாளும் தள்ளவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். கைப்பிடி மட்டுமல்ல, வாராவாரம் எங்களைக் காக்கவைத்த அந்தப் பலகையும் அவருக்காகத்தான்.

அப்போதுதான் ரோமானா எங்களைப் பார்த்தாள். ஜன்னல் வழியே, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். டிராம் நகர்ந்தது. நான் சந்தோஷத்தில் கையை ஆட்டினேன்.

காபிக்கடைக் கதவு திறந்தது. டுஷெக் கதவைப் பிடித்தபடி தலையை நீட்டினார். "அந்தப் பொண்ணு பத்திரமாப் போயிட்டாளா?"

பிறந்ததிலிருந்து யாரையும் பாராட்டி அறியாத ஹெர்மினே அம்மாள் ஒரு கணம் யோசித்தார்.

"போயிட்டா, போயிட்டா. ஆனா அந்தத் தெருமுனை மேட்டுல ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து தள்ள வேண்டியதாப் போச்சு. அடுத்த வாரமும் நீங்க தவறாம வந்துடுங்க சார்."