ஐந்தாவது வளையம்

யூஜினி என் அச்சகத்துக்கு வந்து கேட்டது தகப்பனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை. நான் எகிப்துக்குப் போய்விட்டேன்.

இது எனக்கொரு வியாதி. வாயை மூடியிருக்க வேண்டிய இடத்தில்தான் அறிவு பொங்கும். போன மாதம் ஒரு பெரியவரின் மலருக்கு ரோமாபுரித் தூண்கள் வைத்தேன். மனுசன் தான் இருந்த மில்லிக்கனைத் தாண்டிக் கோப்பி குடிக்கவும் போனதில்லையாம்.

இம்முறை யூஜினியின் தகப்பன் நீக்கிலாப்பிள்ளையின் பிள்ளைகளுடைய பெயர்களைச் சுற்றி நீள்வட்டங்கள் போட்டிருந்தேன்.

இதற்குக் கார்ட்டூஷ் என்று பெயர் என்றேன். எகிப்துக்குப் படையெடுத்துப் போன பிரெஞ்சுச் சிப்பாய்கள் வைத்தது. கல்லில் இருந்த வளையம் தங்கள் துவக்குத் தோட்டாவைப் போல இருந்ததாம் அவர்களுக்கு. எகிப்தியருக்கு அது ஷென். சுற்றி வளைப்பது என்று பொருள், நுனிகளை முடிச்சிட்ட ஒரு கயிறு. அதற்குள் இருக்கும் அரசனின் பெயருக்கு அழிவில்லை. பிடிக்காத அரசன் என்றால், பின்னால் வந்தவன் உளியால் கொத்திவிடுவான்.

ரொறன்ரோவில் இத்தனை அச்சகம் இருக்க, அத்தனை தூரம் ஸ்ரௌவ்விலிலிருந்து வோபர்னுக்கு, என்னிடம் ஏன் வந்தாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்காமல் இருப்பதற்கு எகிப்து வசதியாக இருந்தது.

அவள் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தாள். நீக்கிலாப்பிள்ளை சாகுமுன் தன் கையாலேயே எழுதியது. நாலு பிள்ளைகளின் பெயர்கள்.

இரண்டாவது மகனின் பெயர் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பன்னிரண்டு வருடமாகத் தகப்பனோடு முறுக்கிக்கொண்டு திரிந்த வீரன். நினைவு மலரில் பெயர் இல்லையென்றால் எங்கள் ஆட்களுக்கு அவன் பிள்ளையே இல்லை.

பட்டியலில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. மறதி என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

யூஜினி திரையில் இருந்த வளையங்களை விரலால் எண்ணினாள். ஐந்து. ஒன்று வெறுமையாக இருந்தது.

பக்கம் சமநிலையாக இருக்கட்டும் என்று போட்டேன் என்றேன். ஐந்து எப்படிச் சமநிலையாகும் என்று எனக்கே விளங்கவில்லை. அவசரமாகத் தோட்டாக் கதையை மறுபடி தொடங்கினேன்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"காணும், சின்னண்ணை. அப்பா எழுதாட்டி என்ன, நான் சொல்லுறன், உங்கட பேரைப் போடுங்கோ."

எகிப்து முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னவன், மாக்கஸ் என்ற நாலெழுத்தை மூன்று தரம் பிழையாக அடித்தேன். அழுகையில் திரை தெரியவில்லை.

நாலாம் தரம் யூஜினிதான் அடித்தாள்.