புகைக்குள் ஒரு இருமல்

"பெத்த மனசா அது? ஊரே நாசமாப் போகட்டும்னு உக்காந்திருக்காளே!"

கத்தினது பைரப்பா. என் வீட்டுக்காரர். கெம்பக்கா மேல அவருக்கு வந்த கோபத்துல தப்பில்ல. அடுத்த நடவு நெருங்குது. காய் பறிச்சு முடிஞ்ச தக்காளிச் செடி வயல் பூரா காய்ஞ்சு கிடக்கு. தீ வெக்க முடியல.

வெச்சா, புகைக்குள்ள ஒரு குழந்தை இருமுது.

கெம்பக்காவோட மக பவ்யா. இருமி இருமி, கடைசியில விசில் மாதிரி ஒரு இழுப்பு. போன வருஷம் ஊரே வயலை எரிச்ச சமயத்துல, அந்த இழுப்போடயே செத்துப்போச்சு பொண்ணு.

முதல்ல சிக்கண்ணா வயல்ல கேட்டுச்சு. மனுஷன் செருப்பை விட்டுட்டு ஓடினார். நேத்து சாயங்காலம் எங்க வயல்ல. ஆள் யாரும் கண்ணுல படல. புகை, இருமல், அவ்வளவுதான். பைரப்பா தண்ணி ஊத்தி அணைச்சார்.

கோலார்லேருந்து விவசாய ஆபீசர் வந்து பேசாத பேச்சா? "எரிக்கிற புகை வானத்துக்குப் போர்வை போடுதும்மா. பூமி சூடாகும், மழை தப்பும். வெட்டி மக்க வைங்க, யூரியாச் செலவும் குறையும்." அவர் குடுத்த நோட்டீஸை வெச்சுத்தான் போன வருஷம் தீயே பத்த வெச்சோம்.

ஆவியைக் கட்ட பூசாரி ஒத்துக்கிட்டார். ஆனா பெத்தவ கையால பொண்ணோட பாவாடை வரணுமாம். கெம்பக்கா தரமாட்டேங்கிறாங்க.

"நீ போய்க் கேளு ரத்னா."

போனேன். நடு மத்தியானம், ஆனா வீட்டுக்குள்ள இருட்டு. கொடியில அந்தப் பாவாடை தொங்குது. ஈரம் சொட்டுது.

செத்த பிள்ளையோட பாவாடை எதுக்கு ஈரமா இருக்கு?

"அக்கா, அவளை அனுப்பி வெச்சிடுங்க. பாவம், எத்தனை நாள் அலைவா?"

"உன் மகன் எப்படி இருக்கான்?" குரல் கரகரன்னு வந்துச்சு.

"நல்லா இருக்கான்க்கா. வருஷா வருஷம் இந்த மாசம் மூச்சு இழுக்கும், பனி ஒத்துக்கலன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். இந்தத் தடவை..."

இந்தத் தடவை ஊர்ல யாரும் வயலை எரிக்கல. அவனுக்கு இழுப்பும் வரல.

கெம்பக்கா சிரிச்சாங்க. சிரிப்பு இருமலாச்சு. இருமி இருமி, கடைசியில விசில் மாதிரி ஒரு இழுப்பு.

அப்பத்தான் பார்த்தேன், பாவாடை பூராக் கரித் திட்டு. அதை நனைச்சு மூஞ்சியில கட்டிக்கிட்டுத்தான் புகைக்குள்ள போயிருக்காங்க மகராசி.

"எடுத்துத் தரட்டுமா?"

"வேணாங்க்கா."

வீட்டுக்கு வந்து, "பேய் மசியாதாம். செடியை வெட்டுங்க"ன்னேன். என்னைத் திட்டிக்கிட்டே அரிவாள் எடுத்தார்.

அது நடந்து ஒரு வருஷம் ஆச்சு. இப்போ ஊர் வாசல்ல 'புகையில்லாத ஊர்'னு போர்டு. ஆபீசருக்கு மாலை, விருது, போட்டோ. கெம்பக்கா வரல. நெஞ்சு கெட்டுப்போய்ப் படுக்கையில கிடக்காங்க.

போன வாரம் சிக்கண்ணா, "ஆவி போயிருக்கும்டா"ன்னு மறுபடி தீ வெச்சார்.

கெம்பக்காகிட்ட வாங்கின பாவாடையை நனைச்சு மூஞ்சியில கட்டிக்கிட்டு, புகைக்குள்ள நான் போனேன். அந்த இழுப்பை எனக்கு யாரும் சொல்லித் தரல. என் மகன்கிட்ட வருஷா வருஷம் கேட்டதுதானே.