வினாயகமூர்த்தியின் வாய்

"வாயைக் கட்ட ஏலாதா உனக்கு?"

செட்டிபாளையம் டிஸ்பென்சரியில அப்போதிக்கரி கனகசிங்கம், மூத்திரம் காய்ச்சின கண்ணாடிக் குழாயை வினாயகமூர்த்திட முகத்துக்கு நேரே பிடிச்சார். குழாய்க்குள்ள செங்கல் நிறம். சீனி வருத்தம் முத்திட்டு.

"நெய்யையும் தேங்காய்ப்பாலையும் தொடாத எண்டு எத்தின தரம் சொன்னன்? உண்ட சதைக்குள்ள கொழுப்பு ஏறி, ஆமிக்காரன் மாதிரி மறிச்சுச் சென்றி போட்டிரிக்கு. சீனி உள்ள போக வருது, கொழுப்பு விடுதில்ல. வந்த சீனியெல்லாம் ரத்தத்திலயே லைன்ல நிக்குது."

"அடையாள அட்டை இல்லாம வந்திரிக்கும் ஐயா."

"பகிடி விடாத. கால் புண் கறுக்குது, பாத்தியா? இப்பிடியே திண்டா காலை எடுக்கத்தான் சொல்லுவாங்க. மறுகா உண்ட தோணிய ஆரு தள்ளுற?"

வினாயகமூர்த்தி தலையைக் குனிஞ்சார்.

கனகசிங்கத்துக்கு ஆத்திரம் அடங்கல்ல. வெளியில நிண்ட பொஞ்சாதியக் கூப்பிட்டார்.

"சீதேவி, புருசனக் கொல்லப் போறியா பிள்ளை?"

அவள் பதறிட்டாள். "அம்மாளாணை ஐயா, இவருக்குக் குரக்கன் பிட்டும் கீரையும்தான் குடுக்கன். நெய்ச்சோறும் முதல்பால் விட்ட நண்டுக்கறியும் என்ட மகனுக்கு மட்டும்தான்."

"மகனுக்கா?"

தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில ஆமி பிடிச்சுக்கொண்டு போன பொடியன். ரெண்டு வருசமா ஒரு தகவலும் இல்ல.

சீதேவி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆருக்கும் சொல்லிராதீங்க. தப்பி வந்து எங்கயோ ஒளிச்சிரிக்கான். பின்வாசல்ல சோறு வைக்கன். விடிஞ்சு பாத்தா சோத்துக் கோப்பை கழுவிக் கவுத்துக் கிடக்கு. அதைக் கண்டாத்தான் எனக்கும் ஒரு வாய் சோறு இறங்குது."

முகமெல்லாம் சிரிப்பு.

கனகசிங்கம் வினாயகமூர்த்தியப் பாத்தார். வினாயகமூர்த்தி சுவரைப் பாத்தார்.

"நீ போய் மருந்தை எடு பிள்ளை."

அவள் போனாப்பிறகு கனகசிங்கம் கதிரைய இழுத்துப் பக்கத்தில போட்டார்.

"கோப்பை வெறுமையாக் கிடந்தாக் காணும்தானே, மடையா. சோத்தை வாவியில கொட்டிட்டுக் கழுவி வையன். எதுக்குத் திண்டு சாகிறாய்?"

வினாயகமூர்த்தி வாசல்ல சீதேவி நிக்காளா எண்டு எட்டிப் பாத்தார்.

"அவனையும் வாவியிலதான் போட்டவங்க ஐயா. நான் கண்டனான். அவளுக்குச் சொல்லல்ல. அவன்ட சோத்தையும் அதுக்குள்ள எப்பிடிக் கொட்டுற?"