மெத்தைக் கடையில் மூன்றரை மணி

“கோவமா செல்லக்குட்டி? சரி சரி, நேத்து வராதது என் தப்புதான். கொஞ்சம் சிரி பாப்போம். நீ சிரிக்கற வரைக்கும் நான் இங்கேருந்து நகரமாட்டேன்.”

மெத்தைக் கடையின் பின்பக்கக் கோடவுனில் ஒளிந்துகொண்டு, கைப்பேசியைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான் சேல்ஸ்மேன். கதவுக்கு வெளியே காவல் நின்ற கேஷியர் அக்காவுக்கு ஒரே பூரிப்பு. முப்பத்திரண்டு வயதாகியும் தனிக்கட்டையாகத் திரிகிறவனுக்கு ஒருவழியாக ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

ஒருத்தி இல்லை, இருபத்தேழு பேர்! கடல் தாண்டி ஒரு நாட்டில், நம் மொழி பேசும் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் அது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பெரிய திரைக்கு முன்னால் வரிசையாகப் படுத்துக்கொண்டு, தொண்டர்கள் சொல்லும் கதையைக் கேட்டால்தான் அந்த வாண்டுகளுக்குத் தூக்கம் வரும். தொண்டர் ஒருவருக்கு அரை மணி. இவனுக்கு ஒதுக்கிய நேரம் அங்கே ராத்திரி, இங்கே பட்டப்பகல் மூன்றரை.

அங்கேதான் வம்பே. வேலை நேரத்தில் யாராவது போனைத் தொட்டால் மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொட்ட இரண்டு பேர் ஏற்கெனவே வேலை போய் வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் இவன் இல்லத்துக்கான நன்கொடைத் தாளை நீட்டியபோது, அதை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. “நீ மெத்தை விக்க வந்தியா, வசூல் பண்ண வந்தியா?” என்று விரட்டிவிட்டார். எல்லோரையும் திட்டித் திட்டியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கடையில் பேச்சு.

அதற்காகப் பிள்ளைகளை விட முடியுமா? ஒருநாள் கதை சொல்லாவிட்டால் இவனுக்குத்தான் சோறு இறங்காது. நேற்று ஒரு வாடிக்கையாளர் பதினான்கு மெத்தைகளில் புரண்டு பார்த்துவிட்டு ஒரே ஒரு தலையணை வாங்கிப் போனார். அதில் கதை நேரம் போயே போய்விட்டது.

இன்று அதற்கும் சேர்த்து வெளுத்து வாங்கினான். பழைய விலைப்பட்டியலை மடித்து இரண்டு நீளக் காதுகள் செய்து தலையில் செருகிக்கொண்டான். அடுக்கி வைத்த மெத்தைகளின் மேல் தத்தித் தத்தித் தாவினான். இருபத்தேழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“முயல் மாமா, உங்க நேரம் முடிஞ்சிடுச்சு. அடுத்தது சிங்க மாமா!” என்றது ஒரு வாண்டு.

சிங்க மாமா! அந்தப் பெயரைக் கேட்டாலே இவனுக்கு வயிறு எரியும். முகம் தெரியாத அந்த ஆள் தினமும் இவனுக்குப் பின்னால் வந்து நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார்.

“அவர் கதை நல்லாருக்குமா, என் கதை நல்லாருக்குமா?”

“அவரு நேத்து இருபது தடவை கர்ஜிச்சாரு! நீங்கதான் சத்தமே போடமாட்டீங்களே.”

“முயல் எங்கயாவது சத்தம் போடுமா கண்ணு? தாவும்! இப்ப பாருங்க செல்லக்குட்டி...”

வெளியே அக்கா மூன்று முறை இருமினாள். ரோஷத்தில் இருந்தவன் காதில் அது விழவில்லை. ஒரே தாவு! மெத்தை அடுக்கு சரிந்தது, அதோடு அவனும் சரிந்தான். கதவு படாரென்று திறந்தது.

“யாருய்யா அது, வேலை நேரத்துல போன் பேசறது?” கட்டிய தொண்டையோடு மேனேஜர் கத்தினார்.

போனை அணைத்து மெத்தைக்கு அடியில் தள்ளினான். “அத்தைகிட்ட சார்... அவங்களுக்கு உடம்பு சரியில்ல...”

“அத்தையை எவன்யா செல்லக்குட்டின்னு கூப்பிடுவான்? நாளையிலேருந்து வேலைக்கு வராதே!”

மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்து வந்தான். காதுகளைக் கழற்ற மறந்துவிட்டான். மேனேஜர் அந்தக் காதுகளையே பார்த்தார். என்னவோ கேட்க வாயைத் திறந்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“முதல்ல வெளிய போ! போ, போ!” என்று அவனைத் தள்ளாத குறையாக வெளியேற்றிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? அம்மாவிடம் என்ன சொல்வது?

“விடு தம்பி. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் வேலை போன விஷயத்தைச் சொல்லாதே” என்றாள் அக்கா.

“எந்தப் பொண்ணு? அத்தனையும் ஆதரவில்லாத பிள்ளைங்கக்கா. தினமும் கதை சொல்றேன்” என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

போட்டு வைத்த கல்யாணத் திட்டமெல்லாம் போன கடுப்பில் அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். “அட மண்டு! இதை அவர்கிட்ட சொல்றதுக்கு என்ன? போ, கால்ல விழுந்தாவது வேலையைக் கேளு.”

கோடவுனுக்கே திரும்பிப் போனான். கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

உள்ளே ஒரு கர்ஜனை! கதவே அதிர்ந்தது. தொடர்ந்து, தொண்டை கட்டிய ஒரு குரல் குழைந்தது.

“சாரி குட்டிங்களா! நாலு மணியாகியும் உங்க முயல் மாமா எடத்தைக் காலி பண்ண மாட்டேங்கறாரு!”