பளார்

“அந்த அடிய மட்டும் எடுத்துடுங்க மேடம். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

தையல்நாயகி சொன்னதைக் கேட்டதும், லேப்டாப்பை மூடப்போன கலைப்பிரியாவின் கை அப்படியே நின்றது.

படத்துக்கு உயிரே அந்த அடிதான்.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் ஆடுகிற பெண்களைப் பற்றி ஒன்றரை வருஷமாக அவள் எடுத்துவந்த டாக்குமெண்டரி அது. சென்னையிலிருந்து திண்டிவனத்துக்கு, தையல்நாயகி வீட்டுக்கு மட்டுமே பதினைந்து தடவை வந்திருப்பாள். ரேஷன் கடை வரிசையில் தையல்நாயகி நிற்பது, சலங்கையையும் மேக்கப் பெட்டியையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கிளம்புவது என்று எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. கடைசியில் போன மாசியில், விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் அந்தக் காட்சி கிடைத்தது.

பாட்டுக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் மேடை ஏறுகிறான். மாலை போடுகிற சாக்கில் தையல்நாயகியின் இடுப்பில் கையை வைக்கிறான். பளார்! அத்தனை கூட்டமும் வாயடைத்துப் போகிறது. அவள் மைக்கை வாங்கி, “அடுத்த பாட்டு போடுங்கண்ணா” என்கிறாள்.

மொத்தம் பதினோரு விநாடி. பார்த்த நண்பர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெல்லியில் ஒரு படவிழாக்காரர்கள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் முழுப் படத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

‘முடிச்சதும் உங்ககிட்ட காட்டுவேன். பிடிக்காதத எடுத்துடுவேன்’ என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தாள் கலைப்பிரியா. இப்படி வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

“ஏன்க்கா? அந்த ஆளு மெரட்டுறானா?”

“அவனா? ரெண்டு தபா பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். தலையக் குனிஞ்சுக்கினு போறான்.”

“அண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?” என்று அவள் புருஷனைப் பற்றிக் கேட்டாள்.

“உங்க அண்ணனா! இப்பத்தான அந்த எடத்த மட்டும் மூணு தபா போடச் சொல்லிப் பாத்துட்டுக் கடைக்குப் போனாரு!”

“அப்ப புரோகிராம் வராம போயிடும்னு பயமா?”

“அதுக்கப்புறம்தான் நெறைய கூப்புடறாங்க. நான் ஆடுனா எவனும் மேடையாண்ட வர மாட்டான்ல?”

சிரித்துக்கொண்டே அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையைக் கலைப்பிரியா பக்கம் தள்ளினாள் தையல்நாயகி. கலைப்பிரியா அதைத் தொடவில்லை. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்றால் வேறு என்னதான் காரணம்?

“அவன் முகத்த மறைச்சுடறேன். யாருன்னே தெரியாது.”

“மேடையில ஊர் பேரு எழுதியிருக்குது. அதையும் மறைச்சாலும் அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியாதா மேடம்?”

“தெரியட்டுமே! தெரியணும்க்கா!” கலைப்பிரியாவின் குரல் உயர்ந்தது. “இதப் பாத்து எத்தன பொண்ணுங்களுக்கு தைரியம் வரும்? நீங்களே போயி அவனுக்குப் பாவம் பாக்கறீங்களே!”

“அவனுக்கு நான் எதுக்குப் பாவம் பாக்கணும்? இன்னொரு தபா கை வச்சான்னா இன்னொண்ணு வுடுவேன்.”

“பின்ன?”

தையல்நாயகி இன்னொரு மல்லாட்டையை உரித்தாள்.

கலைப்பிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. மேடையில் அத்தனை பேர் முன்னால் அடித்தவள், வீட்டில் உட்கார்ந்து பயப்படுகிறாள். ஆம்பளை மானம் போய்விடக் கூடாது என்று இவளும்தான் நினைக்கிறாள் போல. தையல்நாயகி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் பையில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு காட்சியை நீக்காமலே விட்டால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

“இத எடுத்துட்டா டெல்லியில படத்தையே வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. தெரியும்ல?”

“தெரியும் மேடம்.” தையல்நாயகியின் கண் கலங்கியிருந்தது. “உங்களுக்குப் பேஜாருதான். ஆனா வேற யாராண்ட போய்க் கேப்பேன்?”

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று கலைப்பிரியா லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கீபோர்டில் நாலு தட்டு. பதினோரு விநாடியும் போயிற்று. மூலப் பதிவையும் தையல்நாயகியின் கண்ணெதிரிலேயே அழித்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

“எடுத்தாச்சு. இப்பவாச்சும் சொல்லுங்கக்கா. யாருக்காக?”

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு சாயந்தரம் நான் மேக்கப் போட்டுக்கினு இருக்கறப்ப ஒரு பொண்ணு வந்துச்சு மேடம். எட்டாவது படிக்குதாம். ‘உங்க டான்ஸ் எல்லாம் போன்ல பாத்துப் பாத்து எனக்கும் வரும்க்கா’ன்னு ஆடிக் காட்டுச்சு. அப்புறம் முன்னாடியே ஒக்காந்துக்கினு, நான் ஆடுன ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டிக்கினு இருந்துச்சு.”

“சரி...”

“நான் அவன அடிச்சப்ப உங்க கேமரா என்னியத்தான் பாத்துக்கினு இருந்துச்சு. அவன் மேடைய வுட்டு எறங்குனான். அந்தப் பொண்ணு எழுந்து வந்து, ‘வாப்பா, வூட்டுக்குப் போலாம்’னு அவன் கையப் புடிச்சு இட்டுக்கினு போச்சு மேடம்.”